கழுதைக்குத் தடை, பெட்ரோலுக்கு வழி

கேள்வி: ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படையெடுத்தால், பொருளாதாரத் தடை சரியான பதிலாகுமா?

பதில்: ஆகும், படையெடுத்தவனின் வண்டியை அது நிறுத்துமானால். 1935 அக்டோபரில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. நவம்பரில், ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் தடை விதித்தது. இத்தாலிக்கு விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் குதிரை, கழுதை, ஒட்டகம் எல்லாம் இருந்தன, பெட்ரோல் இல்லை! லாரியிலும் விமானத்திலும் போர் நடத்துகிறவனுக்குக் கழுதையைத் தர மறுத்து என்ன பயன்? சூயஸ் கால்வாயும் திறந்தே கிடந்தது. இத்தாலியத் துருப்புக் கப்பல்கள் கட்டணம் செலுத்திவிட்டுத் தாராளமாகப் போயின. எத்தியோப்பியர்கள் மீது விஷவாயு வீசப்பட்டது. 1936 மே 5 அன்று அடிஸ் அபாபா வீழ்ந்தது; ஜூலையில் தடையையே விலக்கிக்கொண்டார்கள்.

சங்கத்தில் இல்லாத அமெரிக்கா எண்ணெய் விற்றிருக்குமே என்பார்கள். விற்றிருக்கும்தான், ஆனால் கால்வாயை மூட அமெரிக்காவின் தயவு தேவைப்படவில்லை. முசோலினியைச் சீண்டினால் ஹிட்லர் பக்கம் சாய்ந்துவிடுவார் என்று பிரிட்டனும் பிரான்சும் தயங்கின. சீண்டாமலே சாய்ந்தார். தடையால் சாவது அப்பாவி மக்கள்தானே என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதை நான் தள்ளமாட்டேன். குவைத்தைப் பிடித்ததற்காக இராக் மீதும் தடை விதித்தார்கள். 1991-லேயே குவைத் மீண்டுவிட்டது, அதுவும் போரால். தடையோ 2003 வரை நீண்டது. குடிநீரைச் சுத்தம் செய்யும் கருவிகள்கூட ஐ.நா. குழுவின் அனுமதிக்குக் காத்துக் கிடந்தன. மனம் பொறுக்காமல் ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே 1998-ல் பதவி விலகினார். ஆகவே எண்ணெய், ஆயுதம், ஆட்சியாளரின் வங்கிக் கணக்கு இவற்றை முதல் வாரமே அடைத்துவிடுங்கள். மக்களின் சோற்றிலும் தண்ணீரிலும் கைவைக்காதீர்கள்.