பொட்டலத்தில் போதை

மலையேறிகளின் முதுகுவலிக்கு மருந்து கண்டவர் அரிசோனாக்காரர் மார்க் பிலிப்ஸ். உச்சியில் ஒரு வாய் ஊற்றிக்கொள்ள, அடிவாரத்திலிருந்து கண்ணாடி பாட்டிலையா சுமப்பது? சாராயத்தைப் பொடியாக்கினார். பெயர் பால்கஹால். பருப்புப் பொடிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

சாராயத்தைப் பொடியாக்கும் சூட்சுமம் சைக்ளோடெக்ஸ்ட்ரினில் இருக்கிறது. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் இந்தச் சர்க்கரை, தன் எடையில் 60 சதவீதம் வரை சாராயத்தை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வறண்டு நிற்கும். கல்யாண வீட்டு மாமாக்கள் சிலருக்கும் இந்தத் திறமை உண்டு.

அமெரிக்க மதுவரித் துறை 2014 ஏப்ரலில் லேபிள்களுக்கு ஒப்புதல் தந்தது. சில நாளில் அது தவறுதலாகத் தந்தது என்று தெரியவந்தது. 2015 மார்ச்சில் மறுபடி தந்தது. எல்லாம் நிதானத்தோடுதான். மாநிலங்களோ வரிசையாகத் தடை போட்டன. பிள்ளைகள் மூக்கால் உறிஞ்சுவார்களே என்று செனட்டர் சக் ஷூமர் கவலைப்பட்டார். மூக்கு எரியும், ஒரு கோப்பை அளவு ஏற்றவே ஒரு மணி நேரமாகும் என்று பிலிப்ஸ் ஆறுதல் சொன்னார். இதைவிடப் பொறுப்பான வியாபாரியை எங்கே தேடுவது?

கணக்கும் கச்சிதம். ஒரு பொட்டலம் 29 கிராம். அதே போதை தரும் ஓட்கா சுமார் 42 கிராம். ஆக 13 கிராம் லாபம். பொடியைக் கரைக்க ஏறக்குறைய 180 மில்லி தண்ணீர் வேண்டும். அதைத் தனியாகச் சுமக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொடியில் ஒரு பகுதிதான் சாராயம், மீதி சர்க்கரை. 95 சதவீதச் சாராயம் அதே வேலையைச் சுமார் 15 கிராமில் முடித்துவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது சாதாரணமாகக் கடையில் கிடைக்கிறது. என்ன, கொஞ்சம் ஈரமாக இருக்கும்.