பொறுமைக்குப் பேர்போன துறை

சட்டத்துறையைப்போல் மனிதரைப் பொறுமைசாலியாக்கும் துறை வேறொன்றும் இல்லை. விரிவுரையாளனாகி ஒரு வருடம் முடிகிற இந்த வேளையில் அதை மனசாரச் சொல்கிறேன். பொறுமை எனக்குப் புதிதல்ல. ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒரே பாதை. ரயில் போய்முடியும்வரை வாப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து காத்திருந்த பிள்ளை நான். பிறகு இரவு பஸ்ஸில் கண்ணாடியில் தலை சாய்த்துக் கொழும்புக்குப் போய்ச் சட்டமாணிப் பட்டம் படித்தேன். மிச்சப் பொறுமையைத் துறை தந்தது.

எங்கள் மூத்தவர்களின் தாராள மனதை முதலில் சொல்லவேண்டும். சேர்ந்த முதல் வாரமே மூன்று பாடங்களை என் கையில் தந்தார்கள். அதில் இரண்டு, நான் மாணவனாய் இருந்தபோது பரீட்சைக்கு மட்டும் தொட்டவை. எப்படிப் படிப்பிப்பது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவ்வளவு நம்பிக்கை. தகுதிகாண் காலம் முடிவதற்குள் முதுமாணிப் பட்டமும் எடுத்துவிடுவேன் என்றும் நம்பினார்கள். அதற்கான நேரம் நடுச்சாமத்துக்குப் பின் இருக்கிறது என்று காட்டித்தந்தவர்களும் அவர்களே.

மொழியிலும் எங்கள் துறைக்கு அக்கறை அதிகம். இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகள் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் என்று 2020 முடிவில் வர்த்தமானி வந்தது. அதை 2023 மார்ச்சில்தான் நாடாளுமன்றம் நிராகரித்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழில் படித்த எங்கள் பிள்ளைகள் எத்தனை இரவு விழித்திருந்தார்களோ, அந்த விழிப்பெல்லாம் அவர்களுக்கு நாங்கள் தந்த பயிற்சி.

முதுமைக்குச் செய்யும் மரியாதையோ இன்னும் பெரிது. 1873இல் வந்த மனநோய்க் கட்டளைச் சட்டத்தை நாங்கள் இன்றும் கைவிடவில்லை. 1956இல் கொஞ்சம் திருத்தியதோடு சரி. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவைப் பிரிவையும் அவசரப்பட்டு நீக்கவில்லை. 115 வருடம் வைத்திருந்து, 1998இல்தான் விட்டோம். மனசு நொந்தவனுக்கு ஒரு கட்டில் தேவையா, ஒரு கூண்டு தேவையா என்று யோசிக்க இவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் நிதானம் வேறு எந்தத் துறைக்கு வரும்?

அந்த நிதானத்தை என் வகுப்பிலேயே ஒருநாள் கண்டேன். அன்று அடிப்படை உரிமைகள் பாடம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சொல்லும் மதச் சுதந்திரம், 126ஆம் உறுப்புரை தரும் ஒரு மாதக் கெடு, உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடும் முறை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். உதாரணத்துக்கு எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. புதைக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே சொல்லியிருந்தது. மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2020 டிசம்பர் 1ஆம் திகதி, மேற்கொண்டு விசாரிக்க அனுமதியில்லை என்று பெரும்பான்மை முடிவாயிற்று. 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாறியது. மார்ச் 5இலிருந்து நாடு முழுவதிலிருந்தும் ஜனாஸாக்கள் எங்கள் ஊர் சூடுபத்தினசேனைக்கு, மஜ்மா நகருக்கு வந்தன. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் எல்லாரும்.

பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். “சேர், என்ன காரணத்துக்காக அனுமதி மறுத்தாங்க? அந்தத் தீர்ப்ப வாசிச்சுக் காட்டுங்களேன்.” அவளுடைய வாப்பா 2020 நவம்பரில் மௌத்தானவர். மஜ்மா நகர் அவருக்குக் கிடைக்கவில்லை.

வாசித்துக்காட்ட ஒன்றும் இல்லை. காரணம் எழுதப்படவில்லை. நூறு பக்கத் தீர்ப்புகளை வாசித்துக் களைத்துப்போகும் எங்களுக்கு நீதிமன்றம் அன்று தந்த சுருக்கத்தை நான் பிள்ளைகளுக்கு அப்படியே சொன்னேன். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். அவள் இருந்துகொண்டாள். நான் குறித்த நேரத்துக்குப் பாடத்தை முடித்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது இரவு எனக்குக் கண் மூடவில்லை. ஒரு மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். தேத்தண்ணி வாங்கித்தந்து, “இந்தத் துறைக்கு மனசு இரும்பா இருக்கவேணும் தம்பி, நாங்களும் இப்படித்தான் வந்தம்” என்று தோளில் தட்டினார். தான் இருபது வருடமாக நித்திரைக் குளிசை போடுவதையும், வீட்டில்கூட ஒருவருக்கும் அது தெரியாது என்பதையும் அப்போதுதான் சொன்னார். அத்தனை கட்டுப்பாடு. அவர் சிரித்தபோது நான் அழுதுவிட்டேன். எனக்காக அழுதேனா அவருக்காக அழுதேனா என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் நிர்வாகத்தின் ஒழுங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பிள்ளை மூன்று கிழமையாக வகுப்புக்கு வரவில்லை. வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்ற கடிதம் ஒருநாளும் பிந்தாமல் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. முத்திரை, கையெழுத்து, திகதி எல்லாம் சரி. ஏன் வரவில்லை என்று கேட்கும் வரி மட்டும் அந்தப் படிவத்தில் இல்லை.

நேற்று அசறுக்குப் பிறகு நானே போனேன். அவளுடைய உம்மா கதவைத் திறந்தார். கடிதம் பிரிக்கப்படாமல் அலுமாரியின் மேல் கிடந்தது. அடுத்த வகுப்புக்கு வரப் பார்க்கிறேன் என்று உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை, பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் 1926 என்று எழுதப்போகிறேன். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் அது. இரவிலும் எடுப்பார்கள்.