நாளைக்கு அண்ணன்

பத்துமலைப் பக்கம் வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'நாளைக்கு அண்ணன்' என்று கேளுங்கள், குரங்குகூட வழி காட்டும்.

தொழில், எழுத்து. எந்த அலுவலகத்திலும் பெயர்ப் பதிவு கிடையாது. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. முதலாளி மகா இரக்கசாலி. தொழிலாளி கேட்காமலேயே லீவு கொடுத்துவிடுவார்.

கதை எழுதி இந்த நாட்டில் அரிசி வாங்க முடியாது என்பதால் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா உரை, கல்யாணப் பத்திரிகை வாசகம், டத்தோக்களின் வாழ்க்கை வரலாறு ஆகியவைதான் பிழைப்பு. அதற்கு மேல் ஒரு நாவல் இருக்கிறது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த 3 தலைமுறைகளின் கதை. அத்தியாயம் அத்தியாயமாக வாயால் சொல்லுவார், கேட்பவர் கண் கலங்கும். தாளில் மட்டும் இன்னும் ஒரு தலைமுறைகூட லாரி ஏறவில்லை.

காலை ஒன்பது மணிக்கு மாமாக் கடையில் அமர்ந்துவிடுவார். "பசியாறியாச்சா தம்பி?" என்று உங்களைக் கேட்டால், பக்கத்தில் உட்காருங்கள் என்று பொருள். ரொட்டி சானாய் வரும், தே தாரேக் வரும், பேச்சு வரும். எழுத்து வராது. பதினொரு மணிக்கு வெயில், அது எழுத்துக்கு ஆகாது. சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும். நாலு மணிக்கு மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் சிந்தனை ஓடாது. மழை இல்லாவிட்டால் புழுக்கம். இரவில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. இப்படியாக, மனிதன் எழுதுவதற்கு ஏற்ற நேரம் ஒரு நாளில் சுமார் ஏழு நிமிடம்தான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்த ஏழு நிமிடமும் பெரும்பாலும் குளியலறையில் கழிந்துவிடுகிறது.

"இடம் சரியில்லை தம்பி" என்பார் சில நாள். 2010இல் பத்துமலைக்கு கொமுட்டர் ரயில் வந்தது அவருக்கென்றே வந்தது போல ஆயிற்று. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போவார். அங்கே பூக்கடை வாசனை, பாட்டுக் கடைச் சத்தம், பழைய சிநேகிதர்கள். சத்தம் அதிகம் என்று கிள்ளான் போவார். தெங்கு கிளானா சாலையில் முறுக்கு வாங்குவார், புது நோட்டுப் புத்தகம் வாங்குவார், திரும்புவார். வீட்டில் இப்போது 14 நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அழகான பிள்ளையார் சுழி. முருகன் குடியிருக்கும் ஊரில் இருந்துகொண்டு அவருடைய அண்ணனைத் தாண்டி இவரால் போக முடியவில்லை.

தாமதத்துக்கு அவர் சொல்லும் காரணங்களைத் தொகுத்திருந்தால் அதுவே நல்ல புத்தகமாக வந்திருக்கும். ஒருமுறை ஓர் இதழாசிரியரிடம், "படியேறும்போது கட்டுரை இருந்த பையைக் குரங்கு பறித்துவிட்டது" என்றார். இந்த ஊரில் நம்பக்கூடிய காரணம்தான். ஆசிரியர் நிதானமாகக் கேட்டார்: "சரிண்ணே, அது படிச்சிட்டு என்ன சொல்லுச்சு?"

தொழிலதிபர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆரம்பித்தபோது அவர் டத்தோ. முதல் அத்தியாயம் முடிவதற்குள் டத்தோ ஸ்ரீ. "அவசரப்பட்டு அச்சடிச்சிருந்தா அட்டையை மாத்தணும்லா!" என்றார் நம்மவர்.

இதைவிடப் பெரிய வெற்றி ஒன்று உண்டு. பத்துமலையின் 272 படிகளைப் பற்றி 2018 தைப்பூச மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். தைப்பூசம் வந்தது, போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் படிகளுக்கெல்லாம் வானவில் போல வண்ணம் அடித்துவிட்டார்கள். "பாத்தியா? அப்பவே எழுதியிருந்தா கட்டுரை பழசாப் போயிருக்கும்!" சொல்லும்போது முகத்தில் 42.7 மீட்டர் முருகன் சிலையின் தங்கப் பூச்சே மின்னியது.

எல்லாத் தாமதமும் அப்படி இனிப்பதில்லை. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோன செய்தி வந்த அன்று மாமாக் கடையில் அவர் பேசவே இல்லை. கோப்பி ஆறி ஆடை கட்டிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு சிறுகதை வச்சிருந்தேன் தம்பி. நாளைக்கு அனுப்பலாம்னு இருந்தேன்."

ஆராய்ச்சியிலும் அவர் சளைத்தவர் அல்லர். கொடுத்த நேரம் முழுதும் நிரம்பும்வரை வேலை வீங்கிக்கொண்டே போகும் என்ற பார்க்கின்சன் விதியை உலகம் அறியும். 1955இல் அதை எழுதி லண்டன் இதழில் வெளியிட்டபோது, பார்க்கின்சன் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். வேலையில்லாத மூதாட்டி ஒருவர் ஓர் அஞ்சலட்டை எழுத ஒரு நாளைச் செலவழிப்பதை அவர் உதாரணம் காட்டுகிறார். "விதியே நம்ம மண்ணுல பிறந்தது. நான் என்ன செய்ய?" என்பது நம்மவர் வாதம். வருமான வரி வாரியமும் அவருக்கே சாட்சி சொல்கிறது. சம்பளக்காரர்களின் பிஇ பாரத்துக்கு ஏப்ரல் 30 கெடு. சொந்தத் தொழில்காரர்களின் பி பாரத்துக்கு ஜூன் 30. "அரசாங்கத்துக்கே நம்ம குணம் தெரிஞ்சிருக்கு!"

இத்தனையும் வைத்து அவரைச் சோம்பேறி என்று நினைத்தால் தைப்பூசத்தின்போது பார்க்க வேண்டும். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் முன்பே தண்ணீர்ப் பந்தலில் வேட்டியை மடித்துக் கட்டி நிற்பார். விடியற்காலை மூன்று மணிக்கு மோர் கலக்குவார். காவடிக்கு வழி விடுவார், காணாமல் போன பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பார். அந்த நாள்களில் 'நாளைக்கு' என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை.

இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மாமாக் கடைப் பாய். மறுவாரம் தே கோப்பையை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, பந்தல்ல தாகத்தோட ஆளு வந்து நிக்குது, நீங்க நாளைக்குன்னு சொல்லல. உங்க எழுத்துக்கு யாரும் வந்து நிக்கல. அதான் சங்கதி. இனிமே நான் நிக்கிறேன். ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் தே குடிங்க."

அண்ணன் சிரித்தார், கெஞ்சினார், கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே தேயில் பால் சரியில்லை. நான்காம் நாள் ஒரு பக்கத்தோடு வந்தார். கை நடுங்கியது. இத்தனை வருடம் அவரைத் தடுத்தது வெயிலும் மழையும் அல்ல என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. எழுதாத நாவலில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. எழுதிய பக்கத்தில் பாயே கண்டுபிடித்துவிடுவார்.

கண்டுபிடித்தார். தே இழுத்துக்கொண்டே கேட்டார். கதை விறுவிறுத்த இடத்தில் கை உயர்ந்து தே ஒரு முழம் நீண்டது. வர்ணனை வந்த இடத்தில் கை சாண் அளவுக்குத் தாழ்ந்தது. முடிந்ததும் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குண்ணே. நாளைக்கு மட்டும் கொஞ்சம் குராங் மானிஸ்."

முப்பது வருட இலக்கிய வாழ்வில் அண்ணன் கேட்ட நேர்மையான விமர்சனம் அதுதான். மறுநாள் சர்க்கரை குறைந்தது, தேயிலும் பக்கத்திலும். முதல் தலைமுறை ஒருவழியாக லாரி ஏறியது.

மாதக் கடைசியில் பாயின் கணக்கு நோட்டை எட்டிப் பார்த்தேன். தே 30, பக்கம் 28. மீதி இரண்டுக்கு நேராக அண்ணனின் அழகான கையெழுத்தில் 'நாளைக்கு' என்று இருந்தது.

கேட்டால், "அதுவும் நான் எழுதினதுதானே தம்பி?" என்கிறார்.