மருமகன் அனுப்பின டப்பா

மருமகன், டப்பா வந்து சேர்ந்தது. தபால்காரப் பொடியன் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தந்தான். கனடாவில இருந்து காணி உறுதி ஏதும் வந்திருக்கோ எண்டு அவன் ஒருக்கா எட்டியும் பார்த்தான். உள்ள அறுபது குளிசையும் உங்கட கடிதமும். வெளியில நம்மட வேலிக்கரையில நிக்கிற அதே முள்ளு அன்னமுன்னாட படம். வவ்வால் கடிச்சுப் போட்டு, ஆடு முகர்ந்து பார்த்திட்டுப் போற பழம், கிராவியோலா எண்டு பேரை மாத்திக்கொண்டு விமானத்தில வந்து இறங்கியிருக்கு. எனக்குப் பெருமைதான்.

"காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு, புற்றுநோய் கிட்டவும் வராது மாமா" எண்டு போனில சொன்னீங்க. மாமாட உயிரில உங்களுக்கு இருக்கிற அக்கறை விளங்குது. காணி இன்னும் பிரிக்கல்லைதானே.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில விஞ்ஞானம் படிக்கிற பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னன். முன்பக்கத்தில இலைச் சாறு, செறிவாக்கினது, அது இது எண்டு கொட்டை எழுத்து. அடியில கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில இன்னொரு வரி. அவள் கைபேசியால படம் பிடிச்சு, பெருசாக்கி வாசிச்சாள்: இந்தப் பண்டம் எந்த நோயையும் கண்டறியவோ, குணமாக்கவோ, தடுக்கவோ உரியதில்லையாம். பாருங்க மருமகன், வித்தவனே சத்தியக் கடதாசி எழுதித் தந்திருக்கான். இந்த வரி அமெரிக்காச் சட்டத்தில இருந்து வாறது. அங்க 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படியான குளிசை வேலை செய்யுது எண்டு விக்கிறதுக்கு முதல் அரசாங்கத்துக்கு நிரூபிக்கத் தேவையில்லை. உடம்புக்கு நல்லது எண்டு பொதுப்படப் புளுகினா இந்த வரியையும் அடியில போட வேணும். வாட்ஸ்அப்பில வாற வசனம் ஒண்டு, டப்பாவில நிக்கிற வசனம் வேறொண்டு. கணக்காளர் வேலை பார்க்கிற நீங்க, எதில கையெழுத்து இருக்கு எண்டு பார்த்திருக்க வேணாமா?

மறுகா, வாட்ஸ்அப்பில வந்த அந்தப் பத்தாயிரம் மடங்குக் கதை. கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு வீரியமாம். அந்தப் பத்தாயிரம் எங்க இருந்து வந்தது எண்டு பேத்தி தேடிப் பிடிச்சாள். 1996இல அமெரிக்காவில பேடியூ பல்கலைக்கழகத்து ஆக்கள் இந்த மரத்தில இருந்து ஒரு சத்தைப் பிரிச்சு, கண்ணாடித் தட்டில வளர்த்த குடல் புற்றுக் கலங்களில விட்டுப் பார்த்திருக்காங்க. அந்த ஒரு வகைக் கலத்தில அது அட்ரியாமைசின் எண்ட மருந்தை விடப் பத்தாயிரம் மடங்கு எண்டு எழுதினாங்க. மனிசருக்குக் குடுக்கல்லை. எலிக்கும் குடுக்கல்லை. பிரிச்சது பழத்தில இருந்தும் இல்லை, இலையில இருந்தும் இல்லை, கொட்டையில இருந்து. நம்மட பெத்தாமார் அன்னமுன்னாக் கொட்டையை அரைச்சுப் பேனுக்குப் பூசினது ஞாபகம் இருக்கா? கண்ணை இறுக்கி மூடு எண்டு கத்துவாங்க, பட்டா கண் போயிரும் எண்டு. பேன் சாகும், ஓம். பேனைச் சாக்காட்டுறதை எல்லாம் விழுங்கலாம் எண்டா மண்ணெண்ணெய் மலிவு மருமகன்.

அந்த மரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கு. கரிபியன் கடலில குவாதலூப் எண்டு ஒரு பிரெஞ்சுத் தீவு. அங்க பாக்கின்சன் நோயைப் போல, ஆனா வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு விறைப்பும் தள்ளாட்டமும் கனபேருக்கு இருக்கக் கண்டாங்க. 1999இல லான்செட் சஞ்சிகையில அதை எழுதின டொக்டர்மார், இந்த நோயாளிகள் இந்தப் பழத்தையும் இதிட இலைத் தேத்தண்ணியையும் பழக்கமா எடுத்தவங்க எண்டு சொன்னாங்க. பிறகு அனோனாசின் எண்ட இதிட சத்தை எலிகளுக்கு ஏத்திப் பார்த்தா மூளைக் கலங்கள் கெட்டுப்போச்சு. இதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்ல ஒண்ணா. ஆனா பழுக்கிற நேரம் ஒரு துண்டு தின்னுறவன் வேற, இலையை வடிச்சுக் குறுக்கி வருசம் முழுக்க ரெண்டு வேளை விழுங்கிறவன் வேற. உங்கட மாமாக்கு ஏற்கெனவே தோணியில ஏறும்போது கால் நடுங்குது. அதைக் கூட்டித் தரவோ குளிசை அனுப்பினீங்க?

சரி, அன்னமுன்னாவை விடுவம். பெரிய ஆக்கள் பெரிய காசு செலவழிச்சுப் பார்த்த கதை ஒண்டு இருக்கு, அதுதான் நீங்க கேக்க வேண்டியது. மஞ்சளும் பச்சையுமா மரக்கறி, பழம் தின்னுறவங்களுக்குப் புற்றுநோய் கொஞ்சம் குறைவா இருக்கே, அதில உள்ள பீட்டா கரோட்டின்தான் காரணமோ எண்டு 1981இல ரிச்சட் பீட்டோ, ரிச்சட் டோல் ஆக்கள் நேச்சர் சஞ்சிகையில கேட்டாங்க. அவங்க கேள்வியாத்தான் கேட்டாங்க. ஆனா கடைக்காரன் கண்ணில கேள்விக்குறி படாதுதானே.

பின்லாந்தில, 50 வயசுக்கும் 69 வயசுக்கும் இடைப்பட்ட, சிகரட் குடிக்கிற ஆம்பிளையள் 29,133 பேரை எடுத்தாங்க. பாதிப் பேருக்கு நாளைக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், மற்றவங்களுக்கு அது இல்லை. ஆருக்கு என்ன எண்டு குடுக்கிறவனுக்கும் தெரியாது, விழுங்கிறவனுக்கும் தெரியாது. அஞ்சு தொடக்கம் எட்டு வருசம். 1994இல முடிவை எழுதினாங்க: கரோட்டின் விழுங்கினவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூட. குறையல்லை மருமகன், கூட. அதே காலத்தில அமெரிக்காவிலயும் புகைக்கிறவங்க, புகைச்சு விட்டவங்க, அஸ்பெஸ்டஸ் தூசியில வேலை செய்தவங்க எண்டு 18,314 பேர். அவங்களில ஒரு பகுதிக்குக் கரோட்டின் 30 மில்லிகிராம், அதோட விற்றமின் ஏயும். 1996 சனவரியில, முடிய 21 மாதம் இருக்கவே, போதும் நிப்பாட்டு எண்டு நிப்பாட்டினாங்க. அங்க 28 வீதம் கூட. புகைக்காதவனுக்கு எப்படி எண்டு கேப்பீங்க. அமெரிக்க டொக்டர்மார் 22,071 பேரிலயே, பெரும்பாலும் புகைக்காதவங்க, கரோட்டினை 12 வருசம் சோதிச்சுப் பார்த்தாங்க. நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. காசு மட்டும் போச்சு.

20 மில்லிகிராம் எண்டா எவ்வளவு? பப்பாசியில 100 கிராமுக்குக் கால் மில்லிகிராமுக்குச் சொச்சம் கூடத்தான். நீங்கதானே கணக்காளர், போட்டுப் பாருங்க, ஏழு கிலோப் பப்பாசி வரும், நாளைக்கு. கரட் எண்டா கால் கிலோவில அந்தக் கணக்கு வந்திரும், அதையும் மறைக்காமல் சொல்றன். ஆனா பச்சைக் கரட்டில உள்ளதில உடம்பு கொஞ்சம்தான் எடுக்கும், மிச்சம் போற வழியில போகும். குளிசை விழுங்கின பின்லாந்துக்காரர்ட இரத்தத்தில அது பத்து மடங்குக்கு மேல ஏறி நிண்டுது.

நம்மட ஊர் வடமோடிக் கூத்தைப் பார்த்திருக்கீங்க. அண்ணாவியார் மத்தளம் அடிக்க வேணும், சல்லாரி போட வேணும், பிற்பாட்டுக்காரர் எடுக்க வேணும், களரியைச் சுத்திச் சனம் இருக்க வேணும். அருச்சுனன் நல்லா ஆடினான் எண்டு அவன்ட கிரீடத்தை மட்டும் கழட்டிக் கொண்டுபோய், ராவும் பகலும் தலையில வைச்சிருந்தா கழுத்துத்தான் பிடிக்கும். டப்பாக்காரன் செய்யிறது அதுதான். பழத்தில ஆர் ஆடினது எண்டு அவனுக்கும் தெரியாது. 2000ஆம் ஆண்டு கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆக்கள் தோலோட உள்ள அப்பிளை அளந்தாங்க. 100 கிராமில விற்றமின் சி ஆறு மில்லிகிராம்கூட இல்லை. ஆனா ஒட்சியேற்றத்தைத் தடுக்கிறதில அந்த அப்பிள் முழுசாச் செய்த வேலை 1,500 மில்லிகிராம் விற்றமின் சிக்குச் சமமாம். மிச்ச வேலையை ஆர் ஆர் செய்தது? நூறு பேர் இருப்பாங்க. அதுவும் சோதனைக் குழாயில பார்த்த வேலைதான், உடம்புக்குள்ள எப்படியோ.

உடனே, 'அப்ப மாமா, பழத்தைச் சாறாப் பிழிஞ்சு குடிக்கட்டா' எண்டு கேப்பீங்க, எனக்குத் தெரியும். மீன் கறிக்குப் புளிப்புக்குப் போடுற விளிம்பிக்காய் நாலு அஞ்சு ஒருத்தரையும் ஒண்டும் செய்யல்லை. கேரளாவில கொலஸ்ட்ரோல் குறையும் எண்டு அதைச் சாறாப் பிழிஞ்சு குடிச்சாங்க. அதில இருக்கிற ஒக்சலேற்று சிறுநீரகத்தில போய்ப் படிஞ்சு பத்துப் பேர் ஆசுபத்திரியில கிடந்ததை டொக்டர்மார் 2013இல எழுதினாங்க. ஏழு பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டி வந்தது. நம்மட கண்டிப் பக்கத்திலயும் காமரங்காவால அதே மாதிரிச் சிறுநீரகம் பழுதான ரெண்டு பேரைப் பற்றி 2015இல எழுதியிருக்காங்க. பல்லும் தொண்டையும் வயிறும் 'போதும்' எண்டு சொல்லும். மிக்சி சொல்லாது.

மரம் செடியில மருந்தே இல்லை எண்டு நான் சொல்லல்லை. அப்படிச் சொன்னா கல்லடிக் கடற்கரை மணலில நிக்கிற பட்டிப்பூ என்னைப் பார்த்துச் சிரிக்கும். நித்தியகல்யாணி எண்டு சாமிக்கு வைக்கிற அதே பூதான். உங்கட கனடாவில, ஒன்ராறியோவிலதான், ரொபட் நோபிள் எண்டவர் ஜமைக்காவில இருந்து வந்த அந்த இலையைச் சீனி வருத்தத்துக்கு எண்டு சோதிச்சார். சீனி இறங்கல்லை, எலிட வெள்ளைக் குருதிக் கலம் இறங்கிப்போச்சு. அந்த வழியில 1958இல வின்பிளாஸ்டின் வந்தது, பிறகு வின்கிறிஸ்டின். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் அதால பிழைச்சு இருக்காங்க. ஆனா அதை மகரகமப் புற்றுநோய் ஆசுபத்திரியில எப்படிக் குடுக்கிறாங்க? நிறுத்து, அளந்து, இரத்த நாளம் வழியா, இரத்தத்தைச் சோதிச்சுச் சோதிச்சு, டொக்டர் தலைமாட்டில நிண்டு. வந்த நோய்க்கு. நோய் வராமல் இருக்க எண்டு அதை ஆரும் காலையில ஒண்டு ராவைக்கு ஒண்டு எண்டு விழுங்கிறதில்லை. செறிவாக்கின மூலிகை உண்மையாகவே வேலை செய்தா, அது மருந்துக்குரிய கெடுதியையும் செய்யும். கெடுதியே இல்லை எண்டு ஒருத்தன் விக்கிறான் எண்டா, உள்ள வேலையும் இருக்காது, இல்லாட்டி அவன் பொய் சொல்றான்.

அப்ப பழம்? பழம் தின்னா புற்றுநோய் வராது எண்டு நான் எப்ப சொன்னன்? ஐரோப்பாவில பத்து நாட்டில நாலு லட்சத்துக்கு மேல ஆக்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2010இல எழுதினாங்க. நாளைக்கு 200 கிராம் பழம், மரக்கறி கூடத் தின்னா மொத்தப் புற்றுநோய் மூணு நாலு வீதம்தான் குறையுமாம். அதுவும் பழத்தாலயோ, பழம் தின்னுறவனுக்கு இருக்கிற மற்ற நல்ல பழக்கத்தாலயோ எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. மூணு வீதத்துக்கு டப்பா அடிச்சு விக்க ஒருத்தனும் வரமாட்டான், அதாலதான் இந்தக் கணக்கு உங்களுக்கு வாட்ஸ்அப்பில வரல்லை. நான் பழம் தின்னுறது நாக்குக்கு. பாலைப்பழக் காலத்தில வாகரைக் காட்டுப் பக்கம் இருந்து கொண்டு வருவாங்க. தின்னத் தின்ன உதடு ஒட்டும், கொஞ்சம் எண்ணெய் தடவித்தான் துடைக்க வேணும். நாவல் நாக்கை ஊதாவாக்கும். விளாம்பழத்துக்குச் சீனி போட வேணும். கொய்யாக் கொட்டை பல்லுக்குள்ள நிக்கும்.

இனி உங்கட கடிதத்திட கடைசி வரிக்கு வாறன். அதைத்தான் நான் முதலில வாசிச்சன். 'மாமா, ஆரும் வந்தா களுதாவளை வெத்திலையும் சீவின பாக்கும் குடுத்து விடுங்க, இஞ்ச கிடைக்கிறது ருசி இல்லை.' புற்றுநோய் வராமல் இருக்க அறுபது குளிசை இஞ்ச வருது, அது வர வைக்கிற சாமான் இஞ்ச இருந்து அங்க போக வேணும். நல்ல பண்டமாற்று!

இலங்கையில ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயில முதல் இடம் வாய்க்குத்தான். உலக சுகாதார நிறுவனத்திட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இலயே பாக்கை, புகையிலை சேர்க்காட்டியும், மனிசருக்குப் புற்றுநோய் தாற பொருள் எண்டு முதல் வகுப்பில போட்டுது. சிகரட் நிக்கிற அதே வகுப்பு. வெத்திலை பாவம், அதில குற்றம் சொல்லல்லை. குற்றவாளி பாக்கு, கூட்டாளி புகையிலை, சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கிக் கதவு திறந்து விடுது. பாக்கில உள்ள அரிகோலின் கன்னத்துச் சதையை நாராக்கும். முதலில காரம் தாங்காது, பிறகு வாய் நாலு விரல் திறந்தது மூணு, ரெண்டு எண்டு குறையும், கடைசியில சோத்துக் கவளம் போகாது. இது பிரிச்செடுத்த சத்து இல்லை, முழுப் பொருள், மரத்தில இருந்து நேரா வாறது. இயற்கை எண்ட உடன கும்பிடுறவங்களுக்கு நான் பாக்கு மரத்தைத்தான் காட்டுறது. கலியாண வீட்டில வட்டாவில வைச்சுக் குடுத்தா எடுத்துக் கும்பிட்டுப்போட்டுத் திருப்பி வைங்க, ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க.

ஆகையால, மருமகன், பாக்கு வராது. பழம் தின்னுங்க, ருசிக்காகத் தின்னுங்க. கண்ணாடிக்கு முன்னால போய் வாயைத் திறந்து நாக்குக்குக் கீழ, கன்னத்துக்கு உள்பக்கம் பாருங்க. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண், வாய் இறுகிறது, இதில ஒண்டு இருந்தாலும் ஒளிக்க வேணாம். இஞ்ச அரசாங்க ஆசுபத்திரியில பல் டொக்டர் ஒரு சதம் வாங்காமல் பார்த்துச் சொல்லுவார். அங்க பல் டொக்டர் காசு எடுப்பார்தான். அடுத்த டப்பாக்கு வைச்சிருக்கிற காசை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போய்க் காட்டுங்க.