போடியில் பறந்த இரட்டைப் புறா

1989 ஜனவரியில் எங்கள் போடிநாயக்கனூரில் நின்ற சின்னக் கட்சி, அதற்கு முந்தைய ஜனவரியில் கோட்டையில் இருந்த கட்சி. எம்.ஜி.ஆர். மறைந்த கையோடு ஜானகி அம்மாள் 24 நாள் முதலமைச்சராக இருந்தார். அதற்குள் கட்சி இரண்டானது, ஆட்சி கலைந்தது, இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. பறவைகள் இரண்டும் போடிக்கு வந்து சேர்ந்தன.

சேவலில் ஜெயலலிதாவே நின்றார். புறாவில் வெண்ணிற ஆடை நிர்மலா. 1965இல் ஸ்ரீதர் எடுத்த ஒரே படத்தில் இருவரும் தமிழுக்கு அறிமுகமானவர்கள். படத்தின் பெயர் நிர்மலாவோடு ஒட்டிக்கொண்டது, ஜெயலலிதாவோடு ஒட்டவில்லை. அதுவே பாதித் தேர்தல் முடிவு என்று எனக்குத் தோன்றும்.

நிர்மலாவுக்கு அரசியல் முன்கதை ஒன்றும் உண்டு. 1986இல் அவரை மேலவை உறுப்பினராக்கப் பார்த்தார் எம்.ஜி.ஆர். திவாலானவர் என்று பிரச்சினை கிளம்பியது. பதவி கைக்கு வரவில்லை. அந்த வருஷம் நவம்பரில் மேலவையே இல்லாமல் போனது. மேலே இடம் இல்லாததால் கீழவைக்கு, அதுவும் ஜெயலலிதாவுக்கு எதிராக! எந்த ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தாரோ.

அப்போது காய் எடுப்பு முடிகிற சமயம். விடியுமுன் போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் ஜனம் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடும். பொழுது சாயத்தான் இறங்கும். வேட்பாளர் பகலில் வந்தால் கும்பிடு வாங்கிக்கொள்ள ஊரில் மிச்சம் இருப்பது ஏலக்காய்க் கடைகளில் காய் பொறுக்கும் பெண்கள்தான். நாங்கள் பையன்கள் நோட்டீஸுக்காகப் பிரச்சாரக் கார்களின் பின்னால் ஓடுவோம். ஒரு கமிஷன் கடைத் திண்ணையில் கேட்ட பேச்சு இது. மடியில் முறம், விரல்கள் பாட்டுக்கு வெடித்த காயையும் பச்சைக் காயையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கின்றன; யாரும் தலை நிமிரவில்லை.

“ஏத்தா, அந்தப் படத்துல டாக்டரு கடைசியில யாருக்குக் கெடச்சாரு?”

“நிர்மலாவுக்கு.”

“அப்ப ஓட்டு ஜெயலலிதாம்மாவுக்குப் போட்ருவோம். பாவம்.”

இதைவிடக் கச்சிதமான கருத்துக்கணிப்பை நான் இன்றுவரை எந்த டி.வி.யிலும் பார்க்கவில்லை. ஜெயலலிதாவுக்கு 57,603 ஓட்டு, இரண்டாமிடம் தி.மு.க.வின் முத்து மனோகரனுக்கு, 28,872. புறா உட்பட மற்ற எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பக்கத்து ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாளே தோற்றார். மாநிலம் முழுக்கப் புறாவுக்கு இரண்டே இடம். பிப்ரவரியில் சேவலும் புறாவும் ஒன்றாகி, இரட்டை இலை திரும்பி வந்தது. நிர்மலாவும் பின்னாளில் அதே அ.தி.மு.க. மேடைகளில் ஓட்டுக் கேட்டார்.

அன்று சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபாய். தோற்றாலும் கவுரவமாகத் தோற்கலாம். இன்று 10,000, செலவு வரம்பு 40 லட்சம். சுவருக்கு ஆறு மாதம் முன்பே சுண்ணாம்படித்து “ரிசர்வ்டு” எழுதிவைத்த காலம் போய், வேட்பாளர் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்கிறார். தோட்டத்து ஜீப்பில் போகிறவர்கள் சிக்னல் இல்லாத வளைவு வருவதற்குள் பார்த்து அழித்துவிடுகிறார்கள். மலைக் கிராமங்களுக்குக் குதிரை முதுகில் போன ஓட்டுப் பெட்டிக்குப் பதில் இப்போது இயந்திரம் போகிறது. குதிரைக்கு வித்தியாசம் தெரியுமா என்று தெரியாது.

1989 தேர்தலில் நிர்மலாவுக்கு ஏஜென்டாக வேலை பார்த்தார் என்று ஓ. பன்னீர்செல்வத்தை அவருடைய எதிரணியினர் பிற்காலத்தில் மேடை போட்டுச் சொல்லிக்காட்டினார்கள். போடிக்காரர்களுக்கு அது குற்றச்சாட்டாகவே படவில்லை. புறாப் பக்கம் நின்றதாகச் சொல்லப்பட்டவரைத்தான் 2011, 2016, 2021 என்று மூன்று முறை இங்கிருந்து அனுப்பினோம். ஜெயலலிதாவின் முதலமைச்சர் நாற்காலியிலேயே மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தும் வந்தார்.

ஜெயலலிதா மறைந்ததும் 1989 அப்படியே திரும்பியது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் இரட்டை இலை மறுபடி முடங்க, சசிகலா அணிக்குத் தொப்பி, பன்னீர்செல்வம் அணிக்கு இரட்டை விளக்கு மின்கம்பம். கம்பத்தைக் கொஞ்சம் சாய்த்து வரைந்தால் இலை மாதிரி இருக்கிறது என்று கட்சிக்காரர்கள் மகிழ்ந்தார்கள். அந்தத் தேர்தலே ரத்தானது.

2024இல் பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் சுயேச்சை. சின்னம் பலாப்பழம். அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் மனு கொடுத்து இயந்திரத்தில் இடம் பிடித்தார்கள். ஏலக்காய்க் கடையில் தூக்கிப்போடும் சோடைக் காய் மாதிரி ஜனம் மற்ற ஐவரையும் பிரித்துப்போட்டு, இவரைப் பொறுக்கி மூன்று லட்சத்துக்கு மேல் ஓட்டுப் போட்டது. ஜெயித்தவர் நவாஸ் கனி, இரண்டாமிடம் பலாப்பழம். அசல் இரட்டை இலைக்கு மூன்றாமிடம்.