கரண்ட் கனியின் வில்லங்கச் சான்று

பட்டாணி அளவுப் பழம். கொத்துக் கொத்தாகத் தொங்கும். கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று நிறம். நம்மில் பலருக்குப் பிளாக்கரண்ட் ஐஸ்கிரீமாக மட்டுமே அறிமுகமான இந்தக் கரண்ட், இங்கிலாந்தில் கொல்லைப்புறச் செடி. அதை எப்படி வளர்ப்பது என்று அந்நாட்டுத் தோட்ட நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. பழம் யாருக்குச் சொந்தம் என்ற மூல வினாவை மட்டும் அவை தொடுவதில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது என்க.

முதல் உரிமை கோருபவர் வீட்டுக்காரர். உழைப்பே அவர் காட்டும் பத்திரம். இலையுதிர்ந்த பருவத்தில் செடி வாங்கி வருகிறார். கருப்பு வகையென்றால் தொட்டியில் இருந்ததைவிட ஐந்தாறு செ.மீ. ஆழமாக நடுகிறார்; மண்ணுக்கடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்ப அதுவே வழி. சிவப்பை அப்படிப் புதைக்கலாகாது. அதற்கு ஒரு குட்டைத் தண்டு வெளியே தெரிய வேண்டும். அதன் உச்சியில் கிளைகள் விரிய வேண்டும்.

கவாத்தில்தான் வில்லங்கம் தொடங்குகிறது. கருப்பு, முந்தைய ஆண்டு விட்ட தண்டில்தான் நன்றாகக் காய்க்கும். எனவே ஆண்டுதோறும் கிழத் தண்டுகளில் மூன்றிலொரு பங்கை அடியோடு வெட்டுதல் முறை. சிவப்பும் வெள்ளையும் பழைய தண்டை நம்பியவை. அதைக் காப்பாற்றி, பக்கக் கிளைகளை மட்டும் ஒன்றிரண்டு மொட்டு விட்டு நறுக்க வேண்டும். ஒரே குடும்பம், ஒரே வேலி, நேர்மாறான இரண்டு சாத்திரம். இலையே இல்லாத ஜனவரியில் எது கருப்பு, எது சிவப்பு என்று அறிவது யாங்ஙனம் எனின், மொட்டைக் கிள்ளி விரலை முகர்க. கருப்பு காட்டமாக மணக்கும். பூனை மூத்திர நெடி என்பாரும் உளர். சிவப்பில் அந்த வாடை இராது. முகரச் சோம்பியவர் வரும் கோடையில் ஜாமைக் கடையில் வாங்குவார்.

அடுத்தவர் பிளாக்பேர்ட். மைனா அளவு, மஞ்சள் அலகு, மேலெல்லாம் கருப்பு. இவருடைய வாதம் அனுபவ பாத்தியதை. வீட்டுக்காரர் பழம் நன்றாகக் கனியட்டும், ஞாயிற்றுக்கிழமை பறிக்கலாம் என்று காத்திருக்கிறார். பறவைக்கு ஞாயிறும் இல்லை, புளிப்பைப் பற்றிய குறையும் இல்லை. சிவந்தால் போதும். வலை போடலாம்தான். ஆனால் தொளதொளவென்று போட்டால் பறவை காலை மாட்டிக்கொண்டு தவிக்கும்; அப்புறம் கத்தரிக்கோலும் கையுமாக அதை விடுவிப்பதும் உரிமையாளர் கடமையே. வலையை இழுத்துக் கட்டுக. வெள்ளைக் கரண்ட் என்பது சிவப்பின் நிறமிழந்த வடிவம். அது பறவையின் கண்ணில் எளிதில் படாது என்பது தோட்டக்காரர் வழக்கு.

மூன்றாவது மனுதாரரைக் கண்ணால் காண இயலாது. கருப்புக் கரண்டின் மொட்டுக்குள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் நுண்ணிய சிலந்திப்பேன் அது. குளிர்காலத்தில் கூராக இருக்க வேண்டிய மொட்டு உருண்டு உப்பியிருந்தால் உள்ளே ஆள் உண்டு. இது வாடகைக்குப் பதிலாக ஒரு வைரஸைத் தந்துவிட்டுப் போகும். அதன்பின் செடி தழைக்கும், காய்க்காது. பிடுங்கி எரிப்பதைத் தவிர மருந்தில்லை.

இனி அரசுகள். நூறு கிராம் கருப்புக் கரண்டில் ஏறத்தாழ 180 மி.கி. வைட்டமின் சி உண்டு; ஆரஞ்சில் 50 மி.கி. அளவே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளால் பிரிட்டனுக்கு ஆரஞ்சு வரத்து குறைந்தபோது, நாட்டின் கருப்புக் கரண்ட் பெரும்பாலும் சிரப்பாகிக் குழந்தைகளுக்கு இலவசமாகப் போயிற்று. அதே கனி அமெரிக்காவில் குற்றவாளி. வெள்ளைப் பைன் மரத்தைக் கொல்லும் துரு நோய்ப் பூஞ்சைக்கு வாழ இரண்டு வீடு வேண்டும்: ஒன்று பைன், மற்றது கரண்ட் இனம். மரவணிகர்கள் பதறினார்கள், பைனா, கரண்டா என்ற வழக்கில் பைன் வென்றது. கரண்டுக்குத் தடை வந்தது. 1930-களில் அரசு வேலைத்திட்ட இளைஞர்கள் காடு காடாகப் போய்ச் செடிகளைப் பிடுங்கினார்கள். உண்மையில் அந்தப் பூஞ்சை, ஐரோப்பிய நாற்றங்கால்களில் மலிவாக வளர்த்து இறக்குமதி செய்த பைன் கன்றுகளோடுதான் கப்பலேறி வந்தது. தண்டனை மட்டும் கரண்டுக்கு! மத்தியத் தடை 1966-இல் நீங்கியது; நியூயார்க் மாநிலம் 2003-இல்தான் மனமிரங்கியது. மெய்ன் மாநிலத்தில் ஐரோப்பியக் கருப்புக் கரண்டை வைத்திருப்பது இன்றும் சட்டவிரோதம்.

உழைத்தவருக்கே பழம் என்ற வாதம் முழுமையாகப் பொருந்துவது பிரான்ஸின் பார்-லெ-துக் நகருக்குத்தான். அங்கே கரண்ட் ஜாம் செய்யும்போது, கூராகச் சீவிய வாத்திறகின் முனையால் ஒவ்வொரு பழத்திலிருந்தும் விதையை எடுக்கிறார்கள், தோல் சிதையாமல். இந்த ஜாமைப் பற்றிய பதிவு 1344-லேயே உண்டு. இறகு ஈந்த வாத்தும் ஒரு பங்கு கேட்கலாம். அதன் மனு இன்னும் வந்து சேரவில்லை. வீட்டில் இவ்வளவு பாடு வேண்டா. காம்பைப் பிடித்து முள்கரண்டியின் பற்களுக்கிடையே இழுத்தால் பழங்கள் பொலபொலவென்று உதிரும்.

நடைமுறைத் தீர்வு ஒன்றை மட்டும் இவ்வாய்வு முன்வைக்கிறது. நோயற்ற செடியில் அந்த ஆண்டு விட்ட, பென்சில் கனத் தண்டை ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேல் நறுக்கி நவம்பரில் மண்ணில் செருகினால் வேர்விடும். அப்படி ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம். அவர் வீட்டில் வலை கிடையாது என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.