இருநூறு ரூவா கூடப் போட்டிருந்தா…

"எவ்வளவு ஆச்சு ஓய்?"

நெய்யாற்றின்கரைப் பக்கத்து அரலுமூட்டுச் சாயாக்கடையில் இந்தக் கேள்வி எந்தப் பெஞ்சிலிருந்து வரும் என்று நமக்குத் தெரியும்: அண்ணன் உட்காரும் பெஞ்சு. காலை நடைக்குப் பாட்டுக் கேட்கலாம் என்று ஒருவர், காலரில் மாட்டுகிற சின்ன எம்பி3 பிளேயர் ஒன்றை ஆசையாக வாங்கி வந்திருப்பார். அண்ணன் அதைக் கேட்டு வாங்குவார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை எல்லாம் வாசிப்பார். "கொள்ளாம்" என்பார். வாங்கியவர் முகம் மலரும். ஒரு மடக்குச் சாயா உள்ளே போகிற வரைக்கும் அந்த மலர்ச்சியை விட்டுவைப்பார்.

"ஆனா, நீரு ஒரு இருநூறு ரூவா கூடப் போட்டிருந்தா…"

இருநூறு தொடக்கம்தான். இருநூறு போட்டிருந்தால் நான்கு ஜிபிக்குப் பதில் எட்டு ஜிபி கிட்டியிருக்கும். எட்டு வரைக்கும் வந்தாச்சு, இன்னொரு ஐந்நூறு போட்டால் வியர்வை ஏறாதது. அதற்கு மேல் ஆயிரம் போட்டால் தண்ணீரில் முக்கினாலும் பாடுவது. இவ்வளவும் போடுகிறவர் இன்னும் கொஞ்சம் போட்டால், காதை அடைக்காமல் கன்னத்து எலும்பு வழியாகவே பாட்டை ஏற்றுவது. அந்த விலைக்குப் பக்கத்து வீட்டில்தான் பாட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நாடித் துடிப்பையும் எண்ணுகிற வாட்ச் குடியிருக்கிறது. வாட்ச் கட்டுகிற ஆளுக்குப் பிளேயர் எதற்கு? அதுவும் போக, வாட்சில் இருப்பதெல்லாம் போனிலேயே இருக்கிறதே! கடைசியில், தான் வாங்கியிருக்க வேண்டியது தன் சட்டைப் பையில் ஏற்கெனவே கிடக்கும் போன்தான் என்று அந்த மனிதர் தெரிந்துகொள்வார்.

சரி, இனி போனே போதும் என்று அவர் எழுந்தால் அண்ணன் விடுவாரா?

"போனைத் தூக்கிட்டு ஓட முடியுமா ஓய்? பையில கிடந்து குலுங்கும், கீழ விழும். அதுக்குத்தானே காலர்ல மாட்டுக மாதிரி சின்னதா ஒண்ணு வேணும்னு சொல்லுதேன்!"

சின்னது அவர் கையிலேயேதான் இருக்கிறது.

"இதா? இதுக்கு நீரு இருநூறு ரூவா கூடப் போட்டிருந்தா…"

குடைக்கும் மிக்சிக்கும்கூட இதே பாட்டு உண்டு. அவற்றை விடுவோம். பிளேயர்தான் அண்ணனுடைய பட்டா நிலம்.

இத்தனை தெரிந்தவர் எதை வாங்கி வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. தினமும் காலையில் நடக்கச் சொல்லி டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாட்டு இல்லாமல் நடந்தால் மடுத்துவிடும் என்பது அண்ணனின் கட்சி. ஆகவே முதலில் பிளேயர், பிறகு நடை. பிளேயர் இன்னும் தேர்வாகவில்லை.

தேர்வு நெடுங்காலமாக நடக்கிறது. 1979இல் சோனி வாக்மேன் ஜப்பானில் வந்தது. சார்ஜாவிலிருந்து வந்த மச்சினன் ஒன்று கொண்டுவந்து நீட்டியபோது, "கேசட்டு எத்தனை நாளைக்கு? சிடி வருது" என்று திருப்பிக் கொடுத்தாராம். சிடி வந்தது, ஓடுகிறவன் காலைத் தூக்கி வைக்க வைக்கப் பாட்டுத் துள்ளியது. "பாத்தீரா?" 2001 அக்டோபரில் ஆப்பிள் ஐபாடை அறிமுகப்படுத்தியது. ஐந்து ஜிபி, ஆயிரம் பாட்டு. உள்ளே சுற்றுகிற தட்டு என்று கேட்டதுமே அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்: "சுத்துகது எல்லாம் ஒருநாள் நிக்கும்." 2005இல் சுற்றுகிற தட்டு இல்லாத ஐபாட் ஷஃபிள் வந்தது, திரையும் இல்லாமல். முகம் காட்டாத பெண்ணைக் கட்டுவது மாதிரி என்று அதையும் தள்ளினார். திருவனந்தபுரம் பீமாபள்ளிக் கடைகளில் பேர் தெரியாத கம்பெனிகளின் பிளேயர்கள் குவிந்து கிடந்த காலத்தில், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். 2017 ஜூலையில் ஆப்பிள் ஷஃபிளையும் நானோவையும் நிறுத்தியது. 2022 மே மாதம் ஐபாட் வரிசைக்கே முடிவு சொன்னது. அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சொன்னேம்லா? வாங்கியிருந்தா காசு போச்சு!" வாங்காத பொருளில் லாபம் பார்த்த ஒரே மனிதர் அவர்தான்.

ஐயாயிரம் பாட்டை அடக்கிக்கொண்டு சரிகம கார்வான் வந்ததும் 2017இல்தான். யார் வீட்டிலோ அதைத் தூக்கிப் பார்த்தார். "கொள்ளாம். இதைத் தூக்கிட்டு நடந்தா பாட்டும் ஆச்சு, தம்பிள்ஸும் ஆச்சு."

விஷயத்தில் ஆள் பிசகமாட்டார், அதைச் சொல்லவேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பார். நீருக்கடியில் புளூடூத் அலை சில அங்குலம்கூடப் போகாது, நீந்துகிறவனுக்குப் பாட்டு பிளேயருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பார். நெய்யாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்துக் காஸ்டாஸ் கராஜியோர்கிஸ் உடற்பயிற்சிக்கும் இசைக்கும் உள்ள உறவையே ஆராய்ந்தவர். நிமிஷத்துக்கு 120 முதல் 140 தாளம் உள்ள பாட்டு உடம்புக்கு வேகம் கொடுக்கும் என்பது அவர் கணக்கு. அண்ணன் அதையும் விடவில்லை. சாயாக்கடை ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் வாட்சைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் தட்டி எண்ணுகிறார். யேசுதாஸின் தாலாட்டு ஒன்று வந்தபோது எண்ணிவிட்டு, "இதைக் கேட்டு நடந்தா நேரா கட்டில்லதான் போய் நிக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஒரு காரியத்தில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம். பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரம் ஓடுகிற பையன்களில், இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு வருகிறவனைக் கண்டால் எழுந்து போய் மறிப்பார். "மக்களே, ஒரு காதைத் திறந்து வை. பின்னால சூப்பர் ஃபாஸ்ட் பஸ் வருகது எப்பிடிக் கேக்கும்?" அமெரிக்கத் தடகளச் சங்கம் 2007இல் ஓட்டப் பந்தயங்களில் ஹெட்போனுக்குத் தடை போட்டதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். அந்தச் செய்தி தெரியாமலே பையன்கள் அண்ணனுக்குக் கீழ்ப்படிகிறார்கள். இந்தச் சேவைக்கு அவர் யாரிடமும் ஒரு சாயாகூட வாங்கிக் குடித்ததில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண் ஒருத்தி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பிளேயர் வாங்கினாள். விடியற்காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடப்பாள். அண்ணன் வாங்கிப் பார்த்தார். கொள்ளாம் என்றார். இருநூறு ரூவா என்றார். அதோடு அந்தப் பிளேயர் அவள் வீட்டு மேசை இழுப்பறைக்குள் போனது. நடையும் நின்றது. அந்த இருநூறு ரூபாயை அண்ணன் கொடுப்பாரா? கடைக்குப் போவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே என்றால், முன்னால் கேட்கிறவர்களுக்கு வேறு பதில் வைத்திருக்கிறார்: "கொஞ்சம் பொறு மக்களே, அடுத்த மாசம் புது மாடல் வருது."

பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை பிறந்த ஊர் இந்தப் பக்கத்து அதியன்னூர்தான். எழுத்தால் திவானைக் கேள்வி கேட்டு, 1910இல் திருவிதாங்கூரை விட்டே வெளியேற்றப்பட்டவர். குறை சொல்வதற்கு இந்த மண்ணில் மரியாதை உண்டு. அவர் குறை சொன்னது நாட்டையே ஆட்டிவைத்த அதிகாரத்தை. அண்ணன் குறை சொல்வது, மாசச் சம்பளக்காரி வாங்கிய பிளேயரை.

கணக்கை நாமே போட்டுவிடுவோம். 128 கேபிபிஎஸ்ஸில் ஐந்து நிமிஷப் பாட்டு ஐந்து எம்பிக்குள் அடங்கும். நான்கு ஜிபியில் ஏறத்தாழ எண்ணூறு பாட்டு. விடாமல் பாடினால் அறுபது மணி நேரத்துக்கு மேல். அதியன்னூரிலிருந்து கன்னியாகுமரிக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தாலும் பாட்டு மிச்சம் இருக்கும். கிளிப் இறுக்கமாக இருக்கிறதா, பார்க்காமலே கட்டைவிரலுக்குப் பட்டன் தட்டுப்படுகிறதா, வியர்வை தாங்குமா: இந்த மூன்றும் போதும். மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அண்ணன் கேட்டால், "நல்ல வேளை, நீங்க சொன்னதையே வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். எதைச் சொன்னோம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இன்னொரு தடவை எடுத்து வாசியுங்கள் அண்ணே. அதில் நடக்கச் சொல்லித்தான் இருக்கிறது. பிளேயர் வாங்கச் சொல்லி இல்லை.